தாலாட்டின் பதினேழு பிரதிகள்

நவம்பர் 14, திங்கள்

கம்ப்யூட்டரில் இடம் இல்லையாம். கிறிஸ்துமஸ் கேரல் ஆராதனைக்கான பாட்டுப் பட்டியலை இவர் சொல்லச் சொல்ல ஒரு மணி நேரம் தட்டினேன். சேமிக்கப் போனால் முடியாது என்கிறது. சி டிரைவுக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு முனை வரைக்கும் நிரம்பி நிற்கிறது. முப்பத்தைந்து வருடம் கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு அந்தக் கோட்டை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பெட்டி என் வீட்டுக்காரர் ஆசீருடைய ராஜ்யம். நான் பக்கத்தில் போனதில்லை. ஆனால் சனிக்கிழமைதான் அவருக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். இரண்டு வாரத்துக்குத் திரையைப் பார்க்கக் கூடாது, குனியக் கூடாது, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது. நான்கு வேளை சொட்டு மருந்து. கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தபடி, சர்ச்சின் பாட்டுக் குழுவான கொயரை முப்பது வருடமாக நடத்துகிற அதே அதிகாரத்தோடு என்னையும் நடத்துகிறார்.

"நான் சுத்தம் பண்ணித் தாரேன்" என்றேன்.

"என்ன வேணா பண்ணு. பாட்டு போல்டர மட்டும் தொடாத."

"ஏன், அதுல புதையலா இருக்கு?"

"தொடாதன்னா தொடாத, லீலா."

கிறிஸ்துமஸ் வருகிறதென்றால் கட்டிலுக்கு அடியில் ஊர்ந்துபோய் ஒட்டடை அடிக்கிறவள் நான். என்னிடம் போய் ஒரு மூலையைத் தொடாதே என்கிறார்.

நவம்பர் 15, செவ்வாய்

கோயம்புத்தூரில் இருக்கும் மகள் ஷீபாவைப் போனில் பிடித்தேன். அங்கே அழுத்துங்க, இங்கே அழுத்துங்க என்று பொறுமையாகச் சொன்னாள். எந்த போல்டர் எவ்வளவு இடத்தை அடைத்திருக்கிறது என்று வரிசையாக வந்தது. போட்டோக்கள் கொஞ்சம். இவருடைய பென்ஷன் காகிதங்கள் கொஞ்சம். மீதி முழுவதும் பாட்டு போல்டர்.

"அம்மா, அப்பா பாட்டு எழுதுற சாப்ட்வேர் ஒவ்வொரு தடவ சேவ் பண்ணும்போதும் பழசயும் தனியா ஒரு காப்பி வச்சுக்கிடும். சத்தத்தோட சேத்து வைக்கிறதால வெயிட்டு கூடும். கடைசியா உள்ளத வச்சுட்டு மத்தத எல்லாம் டெலிட் பண்ணுங்க."

"உங்கப்பா தொடக்கூடாதுங்காவ."

"அப்பா பழைய செருப்பக் கூடத்தான் தொடக்கூடாதும்பாவ."

நியாயமான பேச்சு.

நவம்பர் 16, புதன்

காலையிலிருந்து மூன்று தடவை அடுக்களைக்கு வந்துவிட்டார், தண்ணீர் வேண்டுமென்று. தண்ணீர்க் கூஜா அவர் நாற்காலிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு நவம்பரிலும் இவருக்கு இந்தக் கிறுக்கு வரும். நான் சமைக்கும்போது வாசல்படியில் வந்து நிற்பார், ஒன்றும் பேசமாட்டார், போய்விடுவார். வயசாகிறது.

நவம்பர் 18, வெள்ளி

போட்டோக்களில் மங்கலானதை எல்லாம் அழித்தேன். சிவப்புக் கோடு அசையவில்லை.

நவம்பர் 20, ஞாயிறு

கொயர் பயிற்சி இன்று தொடங்கியது. கடுப்போடு எழுதுகிறேன்.

எங்கள் கேரல் ஆராதனையில் ஒரு வழக்கம் உண்டு. எல்லா விளக்கையும் அணைத்து ஒரே ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றுவார்கள். இவர் ஆர்கனில் ஒரு சுரம் கொடுப்பார். நான் தனியாக, பாலன் இயேசுவுக்கான முன்னணைத் தாலாட்டின் முதல் சரணத்தைப் பாடுவேன். இரண்டாம் சரணத்தில் கொயர் முழுவதும் சேர்ந்துகொள்ளும். கல்யாணமான ஐந்தாம் வருடம் இவர் எனக்காகவே எழுதிய பாட்டு அது. அன்றிலிருந்து நான்தான் பாடுகிறேன். மற்றவர்களுக்கெல்லாம் வருடா வருடம் புதிதாகத் தாள் அச்சடித்துக் கொடுத்து, பழைய தாளைத் திரும்ப வாங்கிக்கொள்வார். காகிதத்தை வீணாக்குகிறாரே என்று நானும் வருடா வருடம் சத்தம் போடுவேன். எனக்குத் தாள் தேவையில்லை. இவர் கொடுக்கிற சுரத்தைப் பிடித்துக்கொண்டு மனப்பாடமாகப் பாடிவிடுவேன்.

இன்று பயிற்சி முடிந்ததும் ஞானமுத்து அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். கொயருக்குச் செயலாளர் அவர்தான், அடிக்குரல் பாடுகிறவர், எழுபது வயது.

"டீச்சர், தப்பா எடுத்துக்கிடாதீங்க. இந்த வருஷம் தாலாட்ட நம்ம ஜெனிலா பாடட்டுமே."

ஜெனிலா நர்ஸ் வேலை பார்க்கும் பெண். இருபத்தைந்து வயது, வெள்ளி மணி மாதிரி குரல். அவளே திடுக்கிட்டு அண்ணாச்சியைப் பார்த்தாள்.

"ஏன் அண்ணாச்சி, என் குரலுக்கு என்ன?" என்றேன். "முப்பது வருஷமா ஒரே சுருதில பாடுதேன். ஒரு இழை இறங்கினது கிடையாது. வேற யாரையாவது சொல்லச் சொல்லுங்க பாப்போம்."

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். என் பேச்சுக்குப் பயந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். டிசம்பர் நான்காம் தேதிப் பயிற்சியில் பேசி முடிவெடுக்கலாம் என்று அண்ணாச்சி நழுவிவிட்டார். முடிவெடுக்க என்ன இருக்கிறது? நான்தான் பாடப்போகிறேன்.

நவம்பர் 22, செவ்வாய்

மத்தியானம் சொட்டு மருந்து விட்டு இவரைத் தூங்கவைத்துவிட்டு, பாட்டு போல்டரைத் திறந்தேன்.

தாலாட்டு 2004 என்று தொடங்கி தாலாட்டு 2021 வரை. நடுவில் 2020 மட்டும் இல்லை, அந்த வருடம் நாட்டில் எல்லோரும் வீட்டுக்குள் கிடந்தோம். ஆகப் பதினேழு. ஒவ்வொன்றுக்கும் உள்ளே பத்து, பன்னிரண்டு பிரதிகள். ஒரே பாட்டுக்கு! இந்த மனுஷனை என்ன செய்வது?

கடைசியாக உள்ளதை மட்டும் வைத்துக்கொள்ளத்தான் போனேன். அழிப்பதற்கு முன் சரிபார்க்க வேண்டும் என்பது வாத்தியார் புத்தி. ஹெட்போனை மாட்டிக்கொண்டு 2021-ஐ ஓடவிட்டேன். நம் பாட்டுதான். பிறகு 2004-ஐ ஓடவிட்டேன். அதுவும் நம் பாட்டுதான், ஆனால் சுருதி மேலே நின்றது.

கம்ப்யூட்டர் பழசு, சத்தத்தில் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். வீட்டிலிருக்கும் கீபோர்டைச் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வருடத்தின் முதல் சுரத்தையும் தேடினேன். 2004 ஒரு வெள்ளைக் கட்டை. 2008 வரை அதேதான். 2009-இல் அதற்கு இடது பக்கத்துக் கறுப்புக் கட்டை, ஒரு படி கீழே. 2014-இல் அதற்கும் இடது பக்கத்து வெள்ளை. 2018-இல் இன்னும் ஒன்று தள்ளி, அடுத்த வெள்ளை.

திரும்பவும் ஒருமுறை சோதித்தேன். விடை மாறவில்லை.

நவம்பர் 23, புதன்

சொட்டு மருந்து நான்கு வேளையும் விட்டேன். வேறு எழுத ஒன்றுமில்லை.

நவம்பர் 24, வியாழன்

இவரைக் கண் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் அனுப்பிவிட்டேன், நான் கூடப் போகவில்லை. இடுப்பு வலி என்றேன். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் கீபோர்டில் 2004-இன் கட்டையை அழுத்தி, அந்தச் சுரத்தில் தாலாட்டைப் பாடிப் பார்த்தேன்.

முதல் வரி எப்படியோ போனது. இரண்டாம் வரியில் மேலே ஏறும் இடத்தில் குரல் பிளந்தது. விடவில்லை, மறுபடி ஏறினேன். வாசலில் கேனோடு நின்ற பால்காரர், "டீச்சரம்மா, விழுந்துட்டீங்களா?" என்று பதறி ஓடிவந்தார்.

பூனை என்று சொல்லி அனுப்பினேன்.

நவம்பர் 26, சனி

2009, எனக்குத் தைராய்டு மாத்திரை தொடங்கிய வருடம். 2018, நான் ஓய்வு பெற்ற வருடம். முப்பத்தைந்து வருடம் வகுப்பில் கத்தினால் எந்தத் தொண்டையும் தேயும். அதுவரை கணக்கு சரியாக வருகிறது. 2014-இல் ஷீபா கல்யாணமாகிப் போனாள். அதற்கும் குரலுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குத் தெரியாது. அந்த வருடம் நான் அழவெல்லாம் இல்லை.

இன்னொன்றும் புரிந்துவிட்டது. 2018-இல் ஆண்களின் அடிக்குரல் பகுதியை இவர் மாற்றி எழுதினார். நல்லா இருந்ததை ஏன் கெடுத்தீர்கள் என்று அத்தனை பேர் முன்னால் கேட்டேன். பாட்டு மொத்தமும் இறங்கியதில் ஞானமுத்து அண்ணாச்சிக்கு அந்த அடி எட்டாமல் போயிருக்கிறது. அவரும் வாயைத் திறக்கவில்லை. தாள் வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. தாள் இல்லாத ஒருத்திக்கு மட்டும் தெரியாது. அந்த ஒருத்திதான் போன ஞாயிறு எழுந்து நின்று ஒரே சுருதி என்று மார்தட்டினாள்.

அவமானம். வேறு வார்த்தை இல்லை.

மத்தியானம் இவர் தூங்கும்போது பதினேழையும் மொத்தமாகப் பிடித்து அழித்தேன். கோடு அப்போதும் சிவப்பாகவே நிற்கிறது. நிற்கட்டும்.

நவம்பர் 27, ஞாயிறு

தொண்டை கரகரப்பு என்று சொல்லி பயிற்சிக்குப் போகவில்லை. இவர் மட்டும் கறுப்புக் கண்ணாடியோடு போனார். திரும்பி வரும்போது சுக்கும் மிளகும் வாங்கி வந்திருந்தார். கஷாயம் போட்டுக் கொடுத்தார். குடித்தேன். வாயில் வைக்க முடியவில்லை.

நவம்பர் 29, செவ்வாய்

சோறு வடித்துக்கொண்டிருந்தேன். வாசல்படியில் வந்து நின்றார். போனார். மறுபடி வந்தார். பருப்பு கடையும்போது வந்தார். அப்பளம் பொரிக்கும்போது வந்தார்.

"என்ன வேணும் உங்களுக்கு?"

"ஒண்ணும் வேண்டாம்."

"பின்ன எதுக்கு நிக்கீங்க?"

"ஒரு வாரமாச்சே, ஏன் லீலா நீ பாடவே மாட்டேங்குத?" என்றார்.

நான் அடுக்களையில் பாடுவேனா? எனக்கே தெரியாது. சமையல் செய்யும்போது ஏதோ முணுமுணுப்பேன் போலிருக்கிறது. "அப்பளம் பொரிக்கவா, கச்சேரி பண்ணவா?" என்று கேட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். முகம் தொங்கிப் போயிருந்தது. நான் அப்பளத்தைக் கருகவிட்டேன்.

டிசம்பர் 1, வியாழன்

டாக்டர் இன்று திரையைப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார். வந்ததும் வராததுமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். நான் அடுக்களையில் இருந்தபடியே காத்திருந்தேன். பிறகு, "லீலா" என்றார்.

போய் நின்றேன்.

"பாட்டு போல்டர்ல தாலாட்டக் காணும்."

"ஜெனிலா பாடட்டும். ஞாயித்துக்கிழமை நானே அண்ணாச்சிட்ட சொல்லிருதேன்."

"ஏன்?"

எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. "ஏன்னு என்கிட்ட கேக்குதீங்களா? பதினேழு பிரதியும் போட்டுக் கேட்டுட்டேன். ஒவ்வொரு தடவயா எறக்கி எறக்கி என்னக் கோமாளியாக்கிட்டீங்க. ஊருக்கே தெரியும், எனக்குத் தெரியாது. ஏமாத்திருக்கீங்க."

"ஆமா" என்றார்.

மறுப்பார் என்று நினைத்திருந்தேன். மறுக்காத மனுஷனிடம் எப்படிச் சண்டை போடுவது?

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ பாடமாட்ட. நீ பாடலன்னா அந்தப் பாட்ட நான் யாருக்கு எழுதினேன்?"

"எந்த வருஷம் எவ்வளவு எறக்கணும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் பயிற்சில ஒரு நாளும் சொல்லலயே, கஷ்டமா இருக்குன்னு."

சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன ஊதுகுழலை எடுத்தார். சுருதி பார்க்கிற குழல். "நவம்பர் மாசம் அடுப்படில நீ தன்னால முணுமுணுப்ப. ஒன்ன மறந்து எந்தச் சுருதில நிக்கியோ, அதக் காதுல வாங்கிட்டு கொல்லைக்குப் போயி இதுல ஊதிப் பாப்பேன். அதுதான் அந்த வருஷத்துச் சுருதி. ஒரு வருஷமும் நானா எறக்கினது கிடையாது. நீ நின்ன எடத்துல வந்து நான் நின்னேன், அவ்வளவுதான்." கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்தக் கண்ணைத் துடைத்தார். துடைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். "இந்த வருஷம் நான் குழல எடுக்குமுன்ன நீ வாய மூடிட்ட. நான் எங்க போயி சுருதி எடுப்பேன்?"

கொல்லையில் நவம்பர் மாதம் கேட்கும் அந்தக் கீச்சுச் சத்தத்தைப் பக்கத்து வீட்டுக் குழந்தையின் பீப்பி என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அவர்கள் வீட்டுக் குழந்தை வளர்ந்து இன்ஜினியராகிவிட்டது. அதையாவது நான் யோசித்திருக்கலாம்.

எனக்குக் கோபம் இன்னும் இருந்தது. அதைவிட அதிகமாக அந்த மனுஷன் மேல் ஆசை வந்தது. அதனாலேயே கோபம் கூடிற்று. கண்ணைத் துடைக்காதீங்க என்று கத்திவிட்டு, சொட்டு மருந்தை எடுத்து வந்தேன்.

டிசம்பர் 2, வெள்ளி

பேசிக்கொள்ளவில்லை. ஆனால் மீன் குழம்பு வைத்தேன். நடுத்துண்டை அவருக்குப் போட்டேன்.

டிசம்பர் 3, சனி

காலையில் தோசைக்கு ஊற்றும்போது பாடினேன். முணுமுணுக்கவில்லை, வேண்டுமென்றே பாடினேன். அவர் வாசல்படியில் நிற்பது தெரியும். எங்கே குரல் சிரமமில்லாமல் போய் உட்கார்ந்ததோ அங்கேயே இருக்கவிட்டேன். கொல்லைக்குப் போகவில்லை அவர். என் முன்னாலேயே குழலை எடுத்து ஊதினார்.

"இன்னும் ஒரு கட்டை கீழ" என்றார், ரொம்ப மெதுவாக.

"தெரியுது. போயி எழுதுங்க."

எழுதினார். சேமிக்கப் போனால் மறுபடியும் இடம் இல்லை. நான் அத்தனையும் அழித்தும் ஏன் இடம் வரவில்லை என்று ஷீபாவிடம் கேட்டோம். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா, குப்பைத்தொட்டில போட்டீங்க. தொட்டிய யாரு வெளிய கொண்டு கொட்டுவா?"

குப்பைத்தொட்டியைத் திறந்தோம். பதினேழும் வரிசையாக உள்ளேயே கிடந்தன. 2021-ஐ மட்டும் எடுத்து வெளியே வைத்தார். என் கை 2004-இல் போய் நின்றது.

"இது?"

"அது நாப்பத்திநாலு வயசுல ஒரு பொம்பள பாடினது. எனக்கு நல்லாத் தெரியும் அவள. ரொம்ப வாய், ஆனா நல்லவ. இந்த வருஷம் அவ பாட வரமாட்டா, லீலா. வேணும்னா வச்சுக்க, வேண்டாம்னா விடு."

சிரித்தேன். சிரிக்கும்போதே அழுகை வந்துவிட்டது. 2014-இலும் அழுதேன், எழுதிவிடுகிறேன், மாதக்கணக்கில் அழுதேன், இவர் ஆர்கன் பயிற்சிக்குப் போகிற நேரம் பார்த்து. அதைக்கூட என் குரலில் கேட்டுத்தான் இருந்திருக்கிறார்.

நிரந்தரமாக நீக்கிவிடவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆம் என்று நானே அழுத்தினேன். கோடு நீலமாகிவிட்டது. தாலாட்டு 2022 ஒரு விநாடியில் சேமித்துக்கொண்டது.

டிசம்பர் 4, ஞாயிறு

பயிற்சிக்குப் போனேன். அண்ணாச்சி முடிவெடுக்கும் பேச்சைத் தொடங்குவதற்குள் நானே எழுந்தேன்.

"போன தடவ நான் ஒரே சுருதின்னு சொன்னது தப்பு. 2004-லேருந்து மூணு கட்டை இறங்கிருக்கு. இந்த வருஷம் நாலாவது. இவிய எனக்குத் தெரியாம எறக்கித் தந்திருக்காவ, நீங்க எல்லாரும் எனக்குத் தெரியாமப் பாத்துக்கிட்டிருக்கீங்க. இப்ப எனக்குத் தெரியும். தெரிஞ்சே பாடணும்னு எனக்கு ஆச. அதுக்கு மேல உங்க இஷ்டம்."

முதலில் வாயைத் திறந்தவர் ஞானமுத்து அண்ணாச்சி.

"டீச்சர், உங்க குரலுக்கு ஒரு குறையும் இல்ல. சத்தியமா நான் அதுக்காவச் சொல்லல. இன்னும் ஒரு கட்டை எறங்கினா நான் கெணத்துக்குள்ள நின்னுதான் பாடணும். அதுக்குத்தான் ஜெனிலாவச் சொன்னேன்."

ஜெனிலாதான் முதலில் சிரித்தாள். பிறகு ஒருவரும் மிச்சமில்லை. பெண்கள் வரிசையில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேவிட்டாள். ஜெனிலா என் பக்கத்தில் வந்து, "நீங்களே பாடுங்க டீச்சர். அவ்வளவு கீழ எனக்குக் காத்துதான் வரும்" என்றாள்.

அண்ணாச்சியின் அடிக்குரலை இவர் அங்கேயே பென்சிலால் மாற்றி எழுதினார். எனக்கும் ஒரு தாள் கொடுத்தார்.

டிசம்பர் 18, ஞாயிறு

ஆராதனை முடிந்தது. விளக்கை அணைத்தார்கள். சுரம் கொடுத்தார், பாடினேன். ஒரு இடத்திலும் எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, ஷீபாவின் போன். சர்ச்சிலிருந்து நேரலையில் காட்டியதைக் கோயம்புத்தூரில் உட்கார்ந்து பார்த்தாளாம்.

"அம்மா, உங்க குரல் அப்படியே இருக்கும்மா. நான் சின்னப் பிள்ளைல கேட்ட மாதிரியே இருக்கு. கொஞ்சம்கூட எறங்கல."

இவர் எதிரே உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டே கழற்றினார்.

"இல்லட்டி" என்றேன். "நல்லா எறங்கிட்டு. உங்கப்பாவும் கூடவே எறங்கி வந்துட்டாவ."